விஸ்கியில் கரைத்த பனைவெல்லம்

திருச்சி கண்டோன்மெண்ட்

அம்மாவைக் கும்பிட்டு மகன் அம்மாசி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஜெயிலில் அப்பாவைப் பார்த்தேன். தேறித்தான் இருக்கிறார்.

வக்கீல் ஐயா வீட்டில் நேற்று ஒரு வேடிக்கை. ஐயா உடம்புக்கு விஸ்கி அவசியம் என்று சீட்டெழுதி, பர்மிட் வாங்கிக் கொடுத்த டாக்டர் வந்திருந்தார். விஸ்கியில் எலுமிச்சைச் சாறும் சீனிப்பாகும் விட்டு, சோடா ஊற்றிக் கலக்குவது என் வேலை. சீனி தீர்ந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய பனைவெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன்.

"அடடா! என்னடா போட்டே?" என்றார் டாக்டர்.

"எங்கப்பா இறக்கின பதநீர்ல அம்மா காய்ச்சின வெல்லமுங்க."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பி, அப்பாவுக்கு அப்பீல் போடும்படி ஐயாவைக் கேட்டேன். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்து பதநீர் புளித்ததற்கா ஜெயில் என்றேன்.

"புளிச்சா அது கள்ளுடா. மதுவிலக்குச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் ஐயா, கிளாஸைக் கீழே வைக்காமலே. "ஊர்லேருந்து இன்னும் கொஞ்சம் வெல்லம் வரவழை."

அனுப்பாதே அம்மா. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வக்கீல் இவர் ஒருவர்தான். இனி யாரிடம் போவதென்று தெரியவில்லை.

கொசுவுக்குப் போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

ஐயா யோசிப்பதாகச் சொன்னார் என்றுதான் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். நீ அவரைப் பார்க்க வந்தாலும் அதையே சொல். கூப்பிடுகிறார்கள், ஐஸ் உடைக்க வேண்டும்.

அம்மாசி