ஒற்றைச் சடைக்காரி வருவாளா

ஆனி 10, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் புது ஆர்டர். சின்னப் பிள்ளைகளுக்கான கறுப்பு டி-சர்ட். நெஞ்சில் நட்சத்திரம், ஒரு வானத்துக் கப்பல், சுற்றிலும் ஐந்தாறு பேர். முதல் பீஸைப் புரட்டியதும் கை நின்றுவிட்டது. ஒற்றைச் சடைக்காரி.

என் மகள் மேகலாவுக்கு உயிர் இவள். ஊருக்குள் பறந்து சண்டை போடுகிற வீரர்கள் படம் தனி, வானத்தில் நடக்கிற படம் தனி. மேகலாவுக்கு வானம்தான். போன பாகத்தில் மற்றவர்களைக் காப்பாற்ற, வெளியே நின்று கப்பல் கதவைச் சாத்திவிட்டு இருட்டில் மிதந்து போனாள் இந்தச் சடைக்காரி. தியேட்டரில் மேகலா அழுத அழுகை! "அடுத்த பாகத்துல வந்துருவாம்மா, பாரு." ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தபோதும் அதே பேச்சு. அடுத்த பாகம் வருவதற்குள் மேகலா போய்விட்டாள்.

சூப்பர்வைசர்: "ஏனுங்கக்கா, படம் பாக்கறதுக்கா சம்பளம்? தையலப் பாருங்க."

பார்த்தேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிந்த தையல்.

ஆனி 11, புதன்

டீ நேரத்தில் ரேவதியிடம் கேட்டேன். மேகலாவும் இங்கே வேலை பார்த்தபோது அவளோடு ஒரே டேபிளில் நின்றவள்.

"இது அடுத்த பாகத்துக்கா?"

"ஆமாங்கக்கா. படம் வரும்போது கடைல சட்டை தொங்கணுமில்ல."

"செத்தவளை அச்சடிப்பாங்களா?"

"அதெப்படிங்க! வர்றவங்களத்தான் போடுவாங்க."

அப்படியானால் வந்துவிடுகிறாள். உலகத்தில் யாருக்கும் தெரியாது. கம்பெனி இருக்கிற இந்த நெருப்பெரிச்சல் ஊரில் எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும். இன்று இன்னும் கொஞ்சம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

படம் பார்த்துவிட்டு, வருஷத் திதியன்று மேகலா போட்டோவுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

ஆவணி 6, வெள்ளி

வாங்க: வாழை இலை, கற்பூரம், கத்தரிக்காய், வெல்லம். படையலுக்கு மஞ்சள் சுடிதார் எடுத்தாயிற்று. அந்தச் சட்டை ஒன்று கிடைத்திருந்தால். "ரிஜெக்ட் ஆன பீஸையே வெட்டித்தான் போடறோமுங்க" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

ரேவதி ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். அவர்: "புள்ள போயி வருசம் திரும்பல, உனக்குப் படம் கேக்குதா?" மேகலாவுக்காகத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்ல.

ஆவணி 8, ஞாயிறு

தியேட்டரில் குளிர். முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். எப்போதும் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவேன், மேகலா முழங்கையால் இடிப்பாள். இன்று கண் மூடவில்லை.

வந்தாள் சடைக்காரி. கூட இருந்தவர்களின் பழைய நினைப்பில். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். சட்டையில் இருந்தது அந்தச் சிரிப்புதான். மற்றபடி வானமெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் அவள் பேரைச் சொல்லி ஒரு விளக்கை இருட்டில் மிதக்கவிட்டார்கள். படம் எடுத்தவர்களின் பேர் ஓட ஆரம்பித்தது. எழுந்துவிட்டேன்.

ரேவதி கையைப் பிடித்தாள். "இருங்கக்கா, பேரெல்லாம் ஓடி முடிஞ்சப்புறம் ஒரு துண்டுப் படம் வரும். அதுல வந்தாலும் வருவா."

மேகலாவும் இப்படித்தான் பிடித்து உட்காரவைப்பாள்.

அதிலும் வராவிட்டால்?

"வேண்டாங் கண்ணு, போலாம்."

வெளியே கண் கூசுகிற வெயில். வீட்டுக்கு வரும் வேலம்பாளையம் பஸ்ஸில் ரேவதியிடம் சொன்னேன், அந்தத் துண்டில் அவள் வந்தாளா என்று யாரிடமும் விசாரித்து வந்து எனக்குச் சொல்லாதே என்று. தலையாட்டினாள்.

ஆவணி 11, புதன்

தூறல். மேகலாவின் வருஷத் திதி, லீவு. இலை போட்டு, சுடிதாரை மடித்து வைத்து, அவர் கற்பூரம் காட்டினார். அவள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். நான்தான் கடைசி. சாத்துமுன் போட்டோவைப் பார்த்துச் சொன்னேன்.

"படம் இன்னும் முடியல கண்ணு. பேரு ஓடிட்டிருக்குது."