இரண்டு அடுப்புக்கு ஒரு புகைபோக்கி

அக்கா,

இன்று காலை கருவாடு சுட்டேன். கேஸ் அடுப்பில் சுட்டால் அது கருவாடா? சவுக்கு விறகு வைத்து நம் பழைய கணப்பில்தான். புகை ஏறியதும் என்னை அறியாமலே குனிந்து, "அக்கா, வாசம் வருதா?" என்று கேட்டுவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு ஆடி கழிந்துவிட்டது.

படப்பையில் ஊரெல்லாம் காற்றாட இருக்க, அண்ணன் தம்பியைக் கட்டிய பாவத்துக்கு நாம் இருவரும் இந்த வெள்ளைக்காரன் வீட்டில் வந்து மாட்டினோம். யாரோ ஒரு துரை, தன் ஊர்ப் பண்ணைவீடு மாதிரியே வேண்டுமென்று கட்டி, போகும்போது மாமனாருக்கு விற்றுவிட்டுப் போன வீடு. பனி வழுக்கி விழச் செங்குத்தாய்க் கூரை. குளிர் நுழையாதிருக்கச் சின்னச் சின்ன ஜன்னல். வாசல் கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே பெரிய செங்கல் புகைபோக்கி. அதற்கு இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை, முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு கணப்பு. "மார்கழியிலயே வேர்த்துக் கொட்டுது, இதுல குளிர் காஞ்சானாம், நல்லா காஞ்சான் போ!" என்பாய். நாம் அவற்றை அடுப்பாக்கிக்கொண்டோம்.

மாமனார் போனதும் கிணற்றுத் தண்ணீரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. வீட்டைப் பிரித்தார்கள், பேச்சையும் நிறுத்தினார்கள். "அந்த வூட்டாண்ட பேசினே, உங்கம்மா வூட்டுக்கே போயிடு" என்று உனக்கும் எனக்கும் ஒரே உத்தரவு. நடுவில் சுவர் எழுப்பப் புகைபோக்கியை இடிக்கச் சொன்னார்கள். கொத்தனார் ஏறிப் பார்த்துவிட்டு, "கூரையே இதும் மேலதான் நிக்குது. இடிச்சா ரெண்டு பேர் தலையிலயும் வுழும்" என்று இறங்கிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. இரண்டு கணப்பும் மேலே சேரும் அந்தப் புகைத் துவாரம் வழியாகத்தானே நாம் பேசிக்கொண்டிருந்தோம்! அடுப்பு ஊதுகிற சாக்கில் குனிந்தால், "இன்னாடி கொயம்பு?" என்று உன் குரல் வரும். "யாராண்ட பேசினுகீறே?" என்று இவர் அதட்டினால், "பச்சை வெறகு, அத்தத் திட்டினுகீறேன்" என்பேன். "சண்டை ஆம்பளைங்களுது, அடுப்பு நம்மளுது" என்று நீ அந்தப் பக்கம் முணுமுணுப்பாய்.

அப்புறம் வந்தது அந்த ஐப்பசி மழை. புகைபோக்கி வழியே தண்ணீர் இறங்குகிறதென்று இவர் கூரை ஏறி, கடப்பாக்கல் ஒன்றை வைத்துப் பாதியை மூடினார். "என் பாகத்த நான் மூடறேன், எவன் கேக்கறது?" புகைக்குப் பாகப்பிரிவினை தெரியுமா? தீபாவளிக்கு முந்தின நாள், இரண்டு பக்கமும் அதிரசம் வேகிறது. உன்னைக் கூப்பிட்டேன். புகைதான் திரும்பி வந்தது. போச்சு, இனி உன் குரலும் இல்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வெளியே ஓட அந்தத் துரை வைத்தது ஒரே வாசல். அண்ணனும் தம்பியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்து அங்கேயே மோதிக்கொண்டார்கள்.

"இன்னாடா பண்ணே?"

"மழைக்கு மூடினேண்ணா."

"கண்ணயே மூட வெச்சிட்டியேடா!"

இருமிக்கொண்டே சிரித்தார்கள், அக்கா. உன் வீட்டு மாமா ஏணியைப் பிடிக்க, இவர் ஏறிக் கல்லை எடுத்தார். நாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேச்சு நிற்கவே இல்லை.

இன்று காலை, கேட்டுவிட்டு அசடாய் எழப்போனேன். அந்தப் பக்கத்திலிருந்து உன் மருமகள், "வருது அத்தே! எனக்கு ரெண்டு துண்டு வையி" என்றாள். உன் அடுப்பை அவள் அணையவிடவில்லை. நான் மறுபடி குனிந்து கேட்டேன்: "இன்னாடி கொயம்பு?"