பாட்டில் கறுக்கவில்லை

மைனாவின் அப்பாவுக்கு,

மாற்றுத்துணி எடுக்க இன்றாவது இறால் பண்ணையிலிருந்து வருவீர்கள் என்று நினைக்கிறேன். சாவி கோழிக்கூட்டின் மேல். பழைய சோறும் வெங்காயமும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடாமல் போகாதீர்கள்.

மைனா வயிற்றுப்போக்கில் படுத்த அன்று, சாத்கீரா சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஷிரின் அக்கா நம் மழைநீர்த் தொட்டித் தண்ணீரைச் சோதனை பாட்டிலில் பிடித்து, "கெட்ட தண்ணின்னா ரெண்டு நாள்ல கறுத்துடும்" என்று அலமாரியில் வைத்தாரே. குழந்தையை அடக்கம் செய்த அமளியில் அதை யாரும் பார்க்கவில்லை. இன்று காலை எடுத்தேன். கறுக்கவில்லை. ஷிரின் அக்கா பாட்டிலைத் திரும்ப வாங்க வருவார். அதற்கு முன் நீங்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

"தகரக் கூரைய கழுவிட்டு வர்ற முதல் மழைய தொட்டில விட்டு என் புள்ளைய கொன்னுட்டீங்களே" என்று ஊர் கூடிய முற்றத்தில் கத்தினேன். குளத்து உப்புத் தண்ணீர் வேண்டாமென்று மைனா அழுததால்தானே விட்டீர்கள்? அதைச் சொல்லியிருக்கலாமே! ஏன் மரம் மாதிரி நின்றீர்கள்?

அந்தப் பாட்டில் கறுத்துத் தொலைந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. உங்களைத் திட்டிக்கொண்டாவது நாட்களை ஓட்டியிருப்பேன். இனி யாரைத் திட்டுவது?

அன்று நான் கத்தியதைக் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். போய்விடாதீர்கள்.

மைனாவின் அம்மா

பி.கு. அன்றிலிருந்து நம் தொட்டித் தண்ணீரை நீங்கள் தொடுவதில்லையாம். பண்ணையில் உப்புத் தண்ணீரையே குடிக்கிறீர்களாம். தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வைத்திருக்கிறேன். பாதியை நான் குடித்துவிட்டேன். மீதி உங்களுக்கு.