ஐஸ் பெட்டியில் வந்த ரப்பர் பால்

இன்று காலை பாசாரில் மீன்காரர் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் அந்தக் குளிர்ந்த மீன்வாடை முகத்தில் அடித்தது. உடனே உன் நினைவு வந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எண்பதுகளின் தொடக்கம். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நண்பர்களாய் ஒன்றாய் வளர்ந்த நம் இருவரில் நீ ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாய். நான் பினாங்குக்குப் படிக்கப் போனேன். புரதங்களைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, அவற்றின் உருவத்தைக் கண்டறியும் படிப்பு. பட்டம் முடித்து ஆய்வில் சேர்ந்த பிறகும் அப்பா விடவில்லை. "இத படிச்சா என்னா வேல கெடைக்கும்?" நாளிதழ்களில் தேடிப் பார்த்தேன். அப்படியொரு ஆள் தேவை என்று ஒரு விளம்பரம்கூட இல்லை. கடைசியில் அவர் ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்தார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

"ஒரு மாசம் பொறுடி," என்று நீதான் தடுத்தாய்.

ரப்பர் பாலில் இருக்கும் ஒரு புரதம்தான் என் ஆய்வு. முதல்முறை நீ பால் கொண்டுவந்தபோது, உறையக் கூடாதென்று தோட்டத்து வழக்கப்படி அம்மோனியா ஊற்றியிருந்தாய். புரதம் கெட்டுப்போனது. ஐஸ் மட்டும் போதும் என்றேன். அடுத்த வாரம் கடலோரக் கோத்தா கோலா மூடாவில் ஒரு மீன்காரரிடம் பெட்டியை இரவல் வாங்கி, கப்சாய் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, ஃபெரி ஏறி வந்து நின்றாய். ஆய்வுக்கூடம் முழுக்க மீன் நாற்றம். பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டே உன்னோடு கைகுலுக்கினார்.

மூன்று வாரத்தில் படிகம் வளர்ந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்த நீ, "ஏய், கல்கண்டுடி!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாய்.

"மாமா, பட்டைக்குள்ள பால் நரம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுதானே கோடு போட்டு வெட்டுறோம்? தெரியாம வெட்டுனா மரத்துல கட்டுன மங்குல பால் விழுமா? அதே மாதிரி, இவ புரதத்துக்கு உள்ள எப்படி இருக்குன்னு பாக்குறா. மருந்து செய்றவனுக்கு அது தெரிய வேணாமாலா?"

ஆயுள் முழுக்க பால் வெட்டும் உளி பிடித்த அப்பா, விரலால் காற்றில் சாய்வாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பாரத்தை அவரே மடித்து அலமாரியில் போட்டார்.

வேலை சுலபமாக வரவில்லை. முதலில் மருந்து ஆலையில் தரம் பார்க்கும் வேலை, பிறகு ஒரு ரப்பர் ஆய்வுக்கூடம், அப்புறம்தான் விரிவுரையாளர் பதவி. அந்தக் கடிதம் வந்த நாளில் என்னைக் கப்சாயில் ஏற்றி ஆற்றுமுகத்துக்குக் கொண்டுபோனாய். மீ கோரேங் நூடுல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடலைப் பார்த்து, "எங்க ஆளு லெக்சரர்லா!" என்று கத்தினாய். படகுக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை, சந்தோஷமும்தான்.

நீ நோயில் இறந்து ஓராண்டாகிறது. ஆனாலும் எந்தக் கட்டுரை எழுதினாலும் முதலில் உனக்குத்தான் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். எங்கோ நீ 'உம்' கொட்டுவதுபோல் இருந்தால்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.