சோழவரம் அருங்காட்சியகத்தின் 2318ஆம் எண் காளான் உறையை எரிக்காமல் கைப்பற்றக் கோரி

அனுப்புநர்:
ஞா. விக்டோரியா (வயது 46),
மாதா கோயில் தெரு, ஏரிக்கரைக் காலனி,
கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: என் தம்பி சாப்பிட்டு இறந்த காளானின் காய்ந்த மாதிரி 22.11.2024 அன்று எரிக்கப்பட இருப்பது – அதைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சோழவரத்தில் தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்தும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், காய்ந்த காளான்கள் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். தாவரவியல் பட்டதாரி. காளான்களை உலர்த்தி, காகித உறையில் மடித்து, கிடைத்த இடமும் நாளும் எழுதி அடுக்குவது என் வேலை.

2. 20.10.2024 ஞாயிறு காலை என் தம்பி ஜெயராஜ் (39) ஏரிக்கரைப் புற்றடியில் முளைத்த காளான்களைக் கூடையில் பறித்து வந்தார். அவர் மனைவி மோனிகா அதை என்னிடம் காட்டினார். நான் பார்க்காத காளான் எங்கள் வீட்டில் அடுப்பேறாது. கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், மேலே கிடந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டுச் சமைக்கலாம் என்றேன். வேலையிடத்தில் ஒரு காளானையும் புரட்டிப் பார்க்காமல் நான் பெயர் எழுதியதில்லை.

3. வழக்கம்போல் மோனிகா சமைக்கும் முன்பே எங்கள் அருங்காட்சியகப் பிரிவுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருந்தார். மறுநாள் நான் அவற்றை உலர்த்தும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தம்பிக்கும் மோனிகாவுக்கும் வாந்தி நிற்கவில்லை என்று தொலைபேசி வந்தது. புதன்கிழமை தம்பி இறந்தார். குறைவாகச் சாப்பிட்டிருந்த மோனிகா பிழைத்தார். அவர்களுடைய ஒன்பது வயது மகள் ஏஞ்சலுக்குக் காளான் பிடிக்காது; நான் அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

4. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மோனிகா மீது வழக்குப் பதிவாகியுள்ளது. விசாரணையில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. மருத்துவமனை வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க வேலையும் போச்சுன்னா பொண்ண யாரு பாத்துக்குவாங்க அண்ணி? நான் வாயத் தொறக்க மாட்டேன், நீங்களும் கம்முனு இருங்க." நான் அப்படியே இருந்தேன். இன்றோடு இருபத்தாறு நாட்கள்.

5. அந்தப் புற்றுக்குப் பக்கத்தில் லாரிகள் கருப்பு நிறக் கழிவைக் கொட்டிச் செல்வது ஊரறிந்தது. காளான் நல்லதாகவே இருந்து, மண் கெட்டிருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது. அதனாலேயே, என் சொல்லை நம்ப வேண்டாம், பரிசோதனையை நம்புங்கள் என்கிறேன்.

6. இதில் இன்னொரு தவறும் என்னுடையது. பூச்சி அரிக்காமலிருக்க எல்லா மாதிரிக்கும் மருந்து பூசுவது எங்கள் முறை. தம்பியை அடக்கம் செய்த மறுநாள் வேலைக்குப் போய், கைப்பழக்கத்தில் அந்தக் கைப்பிடிக் காளான்களுக்கும் பூசிவிட்டேன். அது விஷ மருந்து. ஆகவே காளானின் சதையை இரசாயனச் சோதனை செய்து பயனில்லை. ஆனால் அது எந்த வகைக் காளான் என்பதை நுண்ணோக்கியில் அறியலாம். காம்பின் அடியில் ஒட்டிவந்த மண் அதே 2318ஆம் எண் உறைக்குள் தனிக் காகித மடிப்பில் உள்ளது. அதில் மருந்து படவில்லை.

7. மருந்தையும் மீறிப் பிரிவு முழுவதும் வண்டு விழுந்துவிட்டதால் எல்லா உறைகளையும் எரிக்க நிர்வாகம் முடிவு செய்துள்ளது. இரண்டு முறை கேட்டும் உறையைத் தர மறுத்துவிட்டார்கள். கைப்பையில் போட்டு வெளியே கொண்டுவர எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் என் கையால் வந்த உறை சாட்சியாக நிற்காது.

8. எனவே வெள்ளிக்கிழமைக்குள் அதிகாரி ஒருவரை அனுப்பி, 2318ஆம் எண் உறையை முத்திரையிட்டு எடுத்து, காளானையும் மண்ணையும் அரசு ஆய்வகத்தில் பரிசோதிக்க உத்தரவிட வேண்டுகிறேன். மண்ணில் நஞ்சு இருந்தால், கொட்டியவர்களைக் கண்டுபிடியுங்கள். காளானே நஞ்சு என்று வந்தால், சமைக்கச் சொன்னது நான். மோனிகாவை விடுவித்து என்மீது வழக்குப் பதிய வேண்டுகிறேன். கையொப்பமிட்ட என் வாக்குமூலத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இந்த மனு கொடுப்பது மோனிகாவுக்குத் தெரியாது.

இடம்: திருவள்ளூர்
நாள்: 18.11.2024

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஞா. விக்டோரியா