நடுங்காத கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எங்கள் ஏலக்கடைக்கு ஒரு பழங்காலத் துப்பாக்கி வந்தது. அதில் ஒரு பட்டாளத்து முத்திரை.

"இரும்பு இவ்வளவு தேஞ்சிருக்கு, முத்திரை மட்டும் தேயலையே! இது புதுசா அடிச்சது" என்றேன்.

"உன் கண்ணுல மண்ணைத் தூவ முடியாதும்மா" என்று முதலாளி சிரித்தார்.

அந்தக் கண்தான் அம்மா தொல்லை. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. உன் போன கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. நீ போட்டதுதானே? கோபமில்லை.

அடுத்த முறை பேனாவை அவர் விரலில் கொடுத்து, ஒரு கோடு மட்டும் இழுக்கச் சொல். எவ்வளவு கோணலானாலும் சரி.

முடியாதென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடு. முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகள்