குக்கர் போட்ட விசில்

ஞாயிறு, இரவு.

தூக்கமே வரவில்லை. இன்று பக்கத்து லைன் வீட்டுக் கலாவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. எங்கள் குடும்ப உதவிச் சங்கத்து ஆட்கள் நால்வர் ஆம்புலன்ஸ் நின்ற ரோடு வரை கட்டிலோடு தூக்கினார்கள். விசில் அடித்துக்கொண்டு முன்னால் போனது நான். பாரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. தங்க மைன்ஸ் மூடியதிலிருந்து மாரிகுப்பத்தில் யாரைத் தூக்குவதென்றாலும் நாங்கள்தான். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்த கணக்கிலேயே நான் விசில் அடிப்பேன். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் இருக்கு, பார்த்து ஏற்று. என் விசில் பங்காருபேட்டை வரை கேட்கும்.

பாதிச் சந்தில் ஒரு விசில் கேட்டது. நால்வரும் நின்றார்கள். இன்னொன்று கேட்டது. கட்டிலைத் தரையில் இறக்கியே விட்டார்கள்.

"இன்னாடா எறக்கிட்டீங்க?" என்றேன்.

"நீதானே அடிச்ச?" என்றான் முன்கால் பிடித்திருந்த தங்கராஜ்.

கலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, அது யார் வூட்டு குக்கரோ. பருப்பு வேகறதுக்குள்ள என்னிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க."

அதற்குள் குக்கர் மூன்றாவதும் அடித்தது. நான் வாய் திறக்குமுன் நால்வரும் ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்கள். கட்டில் ஒரு பக்கம்கூடச் சாயவில்லை.

சாயங்காலம் கோலாரிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.

நாளை டீக்கடையில் யார் கேட்டாலும் மூன்று விசிலும் நான் அடித்ததுதான். குக்கருக்குக் கட்டுப்பட்டோம் என்று அந்த நால்வரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கலாவிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.